அசட்டுப் பூதத்துக்கு ஒட்டுப் போட்டவள்

பொது நூலகத்தில் குழந்தைகள் பிரிவுக்குப் பின்னால் ஒரு மரத் தடுப்பு உண்டு. தடுப்புக்கு அந்தப்புறம் நீளமான மேசை, மேற்கே பார்த்த ஜன்னல், ஒரு மின் அடுப்பு, அடுப்பின்மேல் விளிம்பு நசுங்கிய அலுமினியக் கிண்ணம். காலையில் அந்தக் கிண்ணத்தில் மைதா மாவு கொதிக்கிற வாசனை வந்தால் பசையக்கா வந்துவிட்டாள் என்று அர்த்தம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். மூன்று வயசுப் பொடிசிலிருந்து பெரிய நூலகர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் பசையக்காதான்.

வேலை, கிழிந்த புத்தகங்களை ஒட்டுவதும் தைப்பதும். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் கூட்டிப் பெருக்கத்தான் வந்தாள். ஒரு தடித்த அகராதி முதுகு விட்டுப்போய்க் குப்பைக்குப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போய், முழுக்கப் பிரித்துப் போட்டு, எப்படித் தைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, திரும்பச் சேர்த்தாள். அதற்கு ஆறு மாதம் ஆனது. அந்த அகராதியில் ‘ப’ வரிசை இன்றைக்கும் ‘ம’ வரிசைக்குப் பின்னால்தான் இருக்கிறது. வேண்டியவர்கள் தேடிக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். மறு வருடமே துடைப்பத்தை வாங்கிக்கொண்டு ஊசியைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

பைண்டிங் செய்கிறவர்கள் பசையில் மயில்துத்தம் போடுவது வழக்கம். பூச்சி அரிக்காது, பசையும் பத்து நாள் கெடாது. பசையக்கா போடுவதில்லை. மயில்துத்தம் விஷம், குழந்தைகள் புத்தகத்தைக் கண்ணால் மட்டும் படிக்கிற ஜாதியில்லை, வாயில் வைத்தும் படிப்பார்கள். அதனால் அவளுடைய பசை இரண்டே நாளில் புளித்துப்போகும். ஒன்றுவிட்டு ஒரு நாள் புதிதாகக் காய்ச்சுவாள். இந்த வேலையைக் கூடுதலாகச் செய்யச் சொல்லி அவளிடம் யாரும் சொன்னதில்லை. செய்ய வேண்டாம் என்று சொல்லும் தைரியமும் யாருக்கும் வந்ததில்லை.

ஏனென்றால் வாய் அப்படி. புத்தகத்தைக் கிழித்துக்கொண்டு வந்தால்கூடப் பொறுத்துக்கொள்வாள். கிழித்துவிட்டு வீட்டிலேயே செல்லோடேப் ஒட்டிக்கொண்டு வந்தால் போச்சு. “புண்ணுக்குச் சேத்தை அப்பிட்டு வந்திருக்கீங்களே, உங்க வீட்டுப் பிள்ளைக்கு இப்படித்தான் வைத்தியம் பாப்பீங்களா?” என்று கோட்டு போட்டவரையும் கேட்பாள், கோணிப்பை சுமக்கிறவரையும் கேட்பாள். அந்த விஷயத்தில் பாரபட்சம் கிடையாது.

அவளுடைய மேசைக்கு அடிக்கடி வந்துபோகிற நோயாளி ஒன்று உண்டென்றால் அது அசட்டுப் பூதம்தான்.

அசட்டுப் பூதம் ஒன்பது படப் புத்தகங்கள். உடம்பு முழுக்கப் பச்சை ரோமம், மூன்று கண், மூன்று கால், வாயில் ஒற்றைப் பல். முதல் புத்தகத்தில் அது ஒரு வீட்டாரைப் பயமுறுத்த வருகிறது. தள்ள வேண்டிய கதவை நான்கு பக்கத்துக்கு இழுத்துக்கொண்டே நிற்கிறது. கடைசியில் அந்த வீட்டுப் பிள்ளை வந்து திறந்துவிடுகிறது. இரண்டாவதில் கட்டிலுக்கடியில் ஒளிந்து, தூசிக்குத் தும்மித் தும்மி மாட்டிக்கொள்கிறது. பிள்ளை கைக்குட்டை நீட்டுகிறது. நான்காவதில் மூன்று கால் பூதம் இரண்டு கால் டவுசருக்குள் நுழையப் பார்க்கிறது. அந்தப் பன்னிரண்டாம் பக்கத்துக்குக் குழந்தைகளிடம் ‘டவுசர் பக்கம்’ என்றே பெயர்.

டவுசர் பக்கத்தில் பசையக்காவின் ஒட்டு படாத இடம் கட்டைவிரல் அகலம் தேறாது. ஒருமுறை பூதத்தின் மூன்றாவது கால் துண்டாகவே காணாமல் போனது. கிழித்த பிள்ளை அதை மென்று விழுங்கிவிட்டதாக அம்மாக்காரி சொன்னாள். பசையக்கா வேறொரு பக்கத்துக் காலை மெல்லிய தாளில் நகலெடுத்து, வண்ணம் பூசி ஒட்டினாள். ஒட்டிக் காய்ந்த பிறகுதான் தெரிந்தது, பாதம் பின்பக்கம் பார்த்திருக்கிறது. மறுநாளே ஒரு வாண்டு தடுப்புக்குள் தலையை நீட்டி, “ஏன் இதுக்கு ஒரு கால் மட்டும் திரும்பியிருக்கு?” என்று கேட்டது. “டவுசரைப் பார்த்ததும் அந்தக் கால் மட்டும் ஓடிடலாம்னு பாக்குது” என்றாள் பசையக்கா. அன்றிலிருந்து புத்தகத்தின் கதையே அதுதான் என்றாகிவிட்டது.

வருடக்கணக்கில் ஒட்டிப் பார்த்தவளுக்குப் புத்தகத்தைத் தொட்டாலே தெரியும், அதைப் பிடித்த கைகள் எப்படிப்பட்டவை என்று. பயந்த பிள்ளை பக்கத்தைக் கிழிக்காது, மெதுவாக மூடி வைத்துவிடும். சிரிக்கிற பிள்ளைதான் கிழிக்கும்: இன்னொரு பிள்ளையிடம் காட்டப் பிடுங்கும், அது தன் பக்கம் இழுக்கும், இரண்டும் விழுந்து புரளும். அசட்டுப் பூதத்தின் ஒவ்வொரு கிழிசலும் அந்தச் சிரிப்பில் விழுந்தது. அதனால்தான் அதை ஒட்டும்போது மட்டும் அவள் யாரையும் திட்டுவதில்லை.

அந்தப் புத்தகங்களுக்குத்தான் ஆபத்து வந்தது.

நூலகர் புதிதாக வந்து எட்டு மாதம். நல்ல மனிதர்தான், யார் மனதும் நோகக் கூடாது என்று நினைக்கிறவர். அப்படிப்பட்டவர்களால் வருகிற துன்பம் தனி. ஒரு புதன்கிழமை அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“உக்காருங்கக்கா.”

உட்காரச் சொல்கிற அதிகாரியிடம் உஷாராக இருக்க வேண்டும் என்பது பசையக்காவின் அனுபவம். நின்றாள்.

“இந்த அசட்டுப் பூதம் புத்தகமெல்லாம் ரொம்பக் கிழிஞ்சு போச்சு, இல்லையா?”

“கிழிஞ்சுது. ஒட்டியாச்சு.”

“திரும்பத் திரும்பக் கிழியுதே.”

“திரும்பத் திரும்ப எடுத்துட்டுப் போறாங்க சார், அதான். கிழியாத புத்தகமும் இருக்கு. மேல் தட்டுல நல்ல பழக்கங்களைப் பத்திப் பத்துப் பாகம். வந்த அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு.”

நூலகர் ஒரு கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். கீழே பதினான்கு பெற்றோர் கையெழுத்து. முதல் கையெழுத்து ஊரில் பேர்பெற்ற பல் டாக்டருடையது. ‘மேற்படி நூல்கள் குழந்தைகளின் கீழ்ப்படிதலைக் குலைப்பதால்’ என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் ஓடியது. படித்து முடித்தும் பசையக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நூலகர்தான் விளக்கினார்.

டாக்டருக்கு ஐந்து வயதில் ஒரு பெண். ஒரு நாள் சாப்பிட மாட்டேன் என்று அடம். டாக்டர் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்று, “பூதம் வருது!” என்று உறுமினார். குழந்தை ஓடினாள், ஆனால் சமையலறைக்கு. இன்னொரு தட்டு எடுத்து வந்து தரையில் வைத்தாள். வாசல் கதவை அகலமாகத் திறந்தாள். “அதுக்குப் பசிக்கும்ப்பா. இழுத்துக்கிட்டே நிக்கும், நாமதான் திறந்துவிடணும்” என்று சொல்லிவிட்டு, விருந்தாளி வராமல் சாப்பிட மாட்டேன் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அரைமணி நேரம் திரைக்குப் பின்னால் நின்ற டாக்டர் கடைசியில் கால் வலித்து வெளியே வந்தார். மற்ற பதின்மூன்று வீட்டிலும் இதே கூத்துதான். ஒரு வீட்டில் பிள்ளை கைக்குட்டையும் டார்ச்சுமாகக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டு வர மறுக்கிறதாம்.

பசையக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது மேசைமேல் ஒன்பது படிவங்கள் இருந்தன.

அந்த நூலகத்தில் ஒரு விதி. எந்தப் புத்தகத்தையும் நூலகர் நினைத்தால் நீக்கிவிட முடியாது. ‘பழுதுபார்க்க இயலாத நிலையில் உள்ளது எனச் சான்றளிக்கிறேன்’ என்று அச்சடித்த வரிக்குக் கீழே, பழுது பார்க்கிற ஆள் கையெழுத்துப் போட வேண்டும். எந்தக் காலத்திலோ எந்தப் புண்ணியவானோ போட்ட விதி. அந்த ஆள் இப்போது பசையக்கா.

“ஒன்பது கையெழுத்துதான்க்கா. புத்தகம் பழசாச்சு, எடுத்துட்டோம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல.”

“பிள்ளைங்க பயப்பட மாட்டேங்குதுன்னு எடுக்கிறோம்னு சொல்லிட்டே எடுக்கலாமே சார்.”

“அப்படி எழுத முடியுமா? ஊரே சிரிக்கும்.”

“ஊர் சிரிக்கிற காரியத்துக்கு எதுக்கு சார் என் கையெழுத்து? என் கையால ஒட்டின புத்தகத்தை ஒட்ட முடியாதுன்னு நானே எழுதறதா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்களே.”

நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சனிக்கிழமை மூணு மணிக்குப் பெற்றோர் கூட்டம் வெச்சிருக்கேன். அதுக்குள்ள போட்டுடுங்க” என்றார். பிறகு, ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, “கீழ்த்தளத்துல பழைய செய்தித்தாள் கட்டெல்லாம் பாக்க ஆளில்லாமக் கிடக்கு. உங்களை அங்க மாத்தலாமான்னு மேலேருந்து கேட்டுட்டே இருக்காங்க. நான்தான் தள்ளிப் போட்டுட்டிருக்கேன்” என்றார்.

கீழ்த்தளத்தில் ஜன்னல் கிடையாது. ஒரே ஒரு மங்கல் விளக்கு, அதுவும் நினைத்தால் எரியும். பசையக்கா அங்கே தனியாகப் போக மாட்டாள் என்பது நூலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். மூட்டுவலி, படி இறங்க முடியாது என்று சொல்லி வைத்திருந்தாள். ஆனால் மாடிக்கு மட்டும் நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்குகிறவளின் மூட்டுவலியை யார் நம்புவார்கள்? யாரும் நம்பவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அவளுக்கு இருட்டென்றால் பயம். நாற்பத்தாறு வயதில் வெளியே சொல்ல வெட்கமான பயம். வளர்த்த சித்தி கெட்டவள் இல்லை. ஏழு பிள்ளைகளை மேய்க்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, பரண்மேல் ஒருத்தன் இருக்கிறான் என்பது. சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் இறங்கி வருவான். அவன் ஒருநாளும் இறங்கவில்லை. ஆனால் பசையக்கா பத்து வயது வரைக்கும் படுக்கையை நனைத்தாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கணவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். முன்னறை முழுக்க அவர் பிரித்துப்போட்ட சக்கரங்களும் பெல்ட்டும் கிடக்கும், காலை எண்ணெய் படாமல் எடுத்து வைக்க முடியாது.

“வேலியில போற ஓணானைப் பிடிச்சு வேட்டிக்குள்ள விட்டுக்கிறியே. நமக்கெதுக்கு? போட்டுட்டுப் போ.”

“பொய்க் கையெழுத்தாச்சே.”

“ஊர் உலகத்துல யாரும் போடாததா? பூதப் புத்தகம்தானே, நம்ம வீட்டுப் பத்திரமா?”

“உங்க கையால ஓட வெச்ச மெஷினை, இது ஓடாது, உடைச்சுப் போடலாம்னு எழுதிக் குடுப்பீங்களா?”

அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ஏற்கெனவே இறுக்கிய திருகாணியை மறுபடி இறுக்கினார். பிறகு, “கீழ்த்தளத்துக்குப் போட்டா என்ன பண்ணுவ?” என்று மட்டும் மெல்லக் கேட்டார். அவருக்குத் தெரியும்.

கல்லூரி விட்டு வந்த மகள் அப்போது வெளியே மாடிப்படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது, கணக்கில் கெட்டிக்காரி, பஸ்ஸில் ஒருத்தன் இடித்தால் திருப்பி இடிக்கிறவள். ஆனால் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் உள்ளே இருக்க மாட்டாள். யாராவது வருகிற வரைக்கும் படியில்தான். அன்று அப்பா வர அரைமணி பிந்தியதால் படிக்கு வந்தவள், அங்கேயே சௌகரியமாக இருக்கிறது என்று தங்கிவிட்டாள். “காத்து நல்லா வருதும்மா” என்பாள். அந்தப் படியில் ஒருநாளும் காற்று வந்ததில்லை.

காரணம் பசையக்காவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. மகளுக்கு மூன்று வயதில், வேலை முடிந்து அலுத்துச் சலித்து வந்த ஒரு சாயங்காலம், குழந்தை வாயைத் திறக்க மறுத்தபோது, அவள் துடைப்பக் கட்டையால் பரணை மூன்று தட்டுத் தட்டினாள். “கேட்டுச்சா? எழுந்துட்டான்.” குழந்தை தட்டிலிருந்ததை எல்லாம் விழுங்கியது. மெல்லவில்லை, விழுங்கியது. பத்து நிமிஷத்தில் சாப்பாடு முடிந்ததில் பசையக்காவுக்கு அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மூன்று மாதம் அப்படித் தட்டினாள். பிறகு நிறுத்தினாள். அவள்தான் நிறுத்தினாள், குழந்தைக்குள் அது நிற்கவில்லை. அசட்டுப் பூதம் நூலகத்துக்கு வந்தபோது மகளுக்கு ஏழு வயது. முதல் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும், “இது நல்ல பூதம். நம்ம வீட்ல இருக்கிறது வேறம்மா” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகப் பசையக்கா தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு வாசிப்புக் கூடத்தில் பத்துப் பேர் போல வந்திருந்தார்கள். நூலகர் நடுவில், பக்கத்தில் பல் டாக்டர். நூலகர் தொண்டையைச் செருமி, அந்தப் புத்தகங்கள் மிகவும் சேதமடைந்துவிட்ட நிலையில், அவற்றை நீக்குவதற்கான நடைமுறை என்று இழுக்கும்போதே, பசையக்கா ஒன்பது புத்தகங்களையும் கைகொள்ளாமல் சுமந்துவந்து மேசைமேல் வைத்தாள். கழுத்தில் நூல்கண்டு தொங்கியது. கையில் பசை காய்ந்திருந்தது.

“சேதம்னு சார் சொல்றார். யாராவது ஒருத்தர் வந்து ஒரு பக்கத்தை இழுத்துப் பாருங்க. வந்துடுச்சுன்னா ஒன்பதுக்கும் இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

பசையக்கா நான்காம் புத்தகத்தை விரித்து டாக்டர் முன்னால் வைத்தாள். “நீங்க இழுங்க டாக்டர். இழுக்கிற வேலை உங்களுக்குப் பழக்கம்தானே.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் வேண்டாவெறுப்பாக டவுசர் பக்கத்தைப் பிடித்து இழுத்தார். பக்கம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். புத்தகமே மேசையை விட்டு எழுந்தது, பக்கம் அப்படியே இருந்தது.

“அப்போ பழுதில்ல” என்றாள் பசையக்கா. “இப்போ நிஜக் காரணத்தைப் பேசலாம்.”

டாக்டர் நேர்மையாகவே பேசினார். “இதோ பாருங்கம்மா, நான் ஒண்ணும் கொடுமைக்காரன் இல்ல. பிள்ளைங்கன்னா கொஞ்சம் பயம் இருக்கணும். அடியாத மாடு படியாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?”

“நீங்க மாடு வளக்கலையே டாக்டர், பொண்ணுதானே வளக்கிறீங்க?”

முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர், கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது. “பேசறது சுலபம்க்கா” என்றார். “எனக்கு ரெட்டைப் பிள்ளைங்க. நின்னு நின்னு வந்து, ரெண்டையும் சாப்பிட வெச்சுத் தூங்க வைக்கிறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடும். பூதம் வரும்னு ஒரு வார்த்தை சொன்னா அடங்கிட்டிருந்துச்சுங்க. அதையும் இந்தப் புத்தகம் பிடுங்கிக்கிச்சு. உங்களுக்கென்ன தெரியும் அந்தக் கஷ்டம்?”

கூடம் முழுக்கத் தலைகள் ஆடின. அந்த அம்மா சொன்னது பொய்யில்லை. பசையக்கா கழுத்திலிருந்த நூல்கண்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“தெரியும்மா” என்றாள். “நானும் செஞ்சேன். அலுத்துப்போய் வந்து, துடைப்பக் கட்டையால பரணைத் தட்டினேன். என் பொண்ணு அன்னிக்குச் சாப்பிட்டா. மூணு மாசம் நல்லாச் சாப்பிட்டா. இப்போ அவளுக்குப் பத்தொன்பது வயசு. வீட்ல யாரும் இல்லேன்னா மாடிப்படியில உக்காந்திருக்கா, உள்ள போக மாட்டா. பரண்ல ஒண்ணுமில்லன்னு அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? நான் தட்டினதை என்னால ஒட்ட முடியலையே. எத்தனையோ கிழிசலை ஒட்டியிருக்கேன், அதை மட்டும் முடியலை.”

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். “டாக்டர், சாப்பிடலேன்னா டாக்டர் மாமா ஊசி போட்டுடுவார், பல்லைப் பிடுங்கிடுவார்னு இந்த ஊர்ல எத்தனை வீட்ல சொல்றாங்க தெரியுமா? திரைக்குப் பின்னாடி நீங்க காட்டற பூதம் எப்படியோ, அந்த வீடுகள்ல நீங்கதான் பூதம். அந்தப் பிள்ளைங்க உங்க நாற்காலிக்கு எப்படி வருதுங்க? சொல்லுங்க.”

டாக்டருடைய வலது ஆட்காட்டி விரலில் ஒரு பழைய தழும்பு இருந்தது, அரைவட்டமாக, சின்னச் சின்னப் பல் அளவுக்கு. அதை அவர் கட்டைவிரலால் தடவிக்கொண்டார். பக்கத்திலிருந்த நூலகர், தான் மட்டுமே அதைப் பார்த்ததாக நினைத்தார்; பசையக்காவும் பார்த்தாள்.

“அப்புறம் எப்படித்தாம்மா சாப்பிட வைக்கிறது?” என்றார் டாக்டர். இந்த முறை குரலில் அதிகாரம் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

“எனக்குத் தெரியாது டாக்டர். தெரிஞ்சா நான் ஏன் பரணைத் தட்டறேன்? எனக்குப் புத்தகம் ஒட்டத்தான் தெரியும்.”

அவள் ஒரு படிவத்தை எடுத்தாள். அச்சடித்த ‘பழுதுபார்க்க இயலாத’ என்ற வரியைக் குறுக்கே அடித்தாள். அதற்குக் கீழே நிதானமாக எழுதினாள்: ‘இந்தப் புத்தகத்தைப் படித்த குழந்தைகள் பயப்படுவதில்லை. எங்கள் குழந்தைகள் பயப்பட வேண்டும். ஆகவே நீக்குகிறோம்.’ எழுதி மேசையின் நடுவில் வைத்து, பேனாவையும் மேலே வைத்தாள்.

“இதுல எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. ஒரு பேர் விடாமப் போட்டீங்கன்னா கீழ நானும் போடறேன். புத்தகத்தை நானே எடுத்துக் குடுத்துடறேன்.”

சொல்லிவிட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. போட்டுவிட்டால்? பத்துப் பேர், பத்துக் கிறுக்கல், ஒரு நிமிஷ வேலை. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். துணிக்கடை அம்மா எழுந்துவந்து பேனாவை எடுத்தபோது பசையக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அம்மா குனிந்து, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்போல, உதடசைத்து வாசித்தார். “எங்கள் குழந்தைகள்...” என்று வாய்விட்டு ஆரம்பித்து, “பயப்பட...” என்று நிறுத்தினார். பேனாவை வைத்துவிட்டார். “இதுல எப்படிக்கா போடறது?” என்று யாரையோ பார்த்துக் கேட்டார். பேனா அங்கேயே கிடந்தது. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நோயாளி காத்திருப்பதாகச் சொல்லி எழுந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நாற்காலிகளை இழுக்கிற சத்தம் அடங்கக் கொஞ்ச நேரமானது.

மேசையருகில் நூலகரும் அவளும் மட்டும் மிஞ்சினார்கள். கடைசி வரிசையில் குடையைத் தேடிக்கொண்டு ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள். யார் மனதும் நோகக் கூடாது என்று நினைக்கிறவருக்கு அன்று மனது நன்றாக நொந்திருந்தது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து விறுவிறுவென்று எழுதினார். அவள் முன்னால் நீட்டினார்.

‘பழுது பார்க்கும் பணியாளர், அறிவுறுத்தியும், ஒன்பது நூல்களுக்குச் சான்றளிக்க மறுத்துவிட்டார்.’

“இது உங்க கோப்புல போகும். படிச்சுக் கையெழுத்துப் போடுங்க. திங்கட்கிழமையிலேருந்து கீழ்த்தளம்.”

பசையக்கா இரண்டு முறை படித்தாள். பிழை ஒன்றுமில்லை.

“போடறேன் சார்” என்றாள். “என் பசைக் கிண்ணத்தையும் அடுப்பையும் கீழ எடுத்துட்டுப் போறேன், கிழிஞ்சதை அங்க அனுப்பி வைங்க. ஒரு நல்ல விளக்கா போடச் சொல்லுங்க. மூட்டுவலி எனக்குக் கிடையாது. எனக்கு இருட்டுன்னா பயம். ஆறு வயசுல காட்டின பயம், நாப்பத்தாறு வயசாகியும் போகலை. அதோடதான் போகப் போறேன்.”

குடை தேடியவர்கள் தேடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவள் குரலைத் தாழ்த்தவில்லை. மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்து, ‘மறுத்துவிட்டார்’ என்ற சொல்லுக்கு நேர் கீழே, இடம் போதாமல் தாளின் ஓரம் வரைக்கும் போகிற அளவுக்குப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டாள்.